யாத்திரையிலும் பத்தியம்

பேரூர், மருதமலை, அவிநாசி, பவானி எனக் கொங்குத் தலங்களைத் தரிசிக்கப் புறப்படும் குடும்பங்களில் அண்மைக்காலமாக ஒரு தயக்கம் தென்படுகிறது. "கோதுமை ஆகாது, பாலும் கூடாது என்று மருத்துவர் சொல்லிவிட்டார், நீங்கள் போய் வாருங்கள்" என்று வீட்டுப் பெரியவர் ஒதுங்கிக்கொள்கிறார். நெடுநாள் வேண்டிக்கொண்ட தரிசனம், வழியில் எதை உண்பது என்ற கேள்வியால் தள்ளிப்போகிறது. கொங்கு நாட்டைப் பொறுத்தவரை இந்த அச்சம் பெரும்பாலும் தேவையற்றது.

கோதுமை, பார்லி, ரை ஆகிய தானியங்களில் உள்ள குளூட்டன் என்னும் புரதம், சீலியாக் நோய் உடையவரின் சிறுகுடலைப் பாதிக்கிறது. அவர்கள் வாழ்நாள் முழுவதும் அதை அறவே விலக்க வேண்டும். சோறுண்ணும் நம் பகுதியில் இந்நோய் வடமாநிலங்களைவிடக் குறைவு. ஆகவே, 'குளூட்டன் இல்லாத உணவு உண்டா?' என்று கேட்டால் பரிமாறுபவர் விழிக்கக்கூடும். 'கோதுமை, மைதா, ரவை சேராதது எது?' என்று கேட்டால் உடனே விடை கிடைக்கும். பாலை விலக்குவோரும் 'சைவம்' என்ற பலகையை நம்பி அமர்ந்துவிடலாகாது. நம் சைவச் சமையலில் தயிரும் நெய்யும் தாராளமாக உண்டு. பால், தயிர், மோர், வெண்ணெய், நெய் என ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லித் தவிர்ப்பதே நலம்.

இனி, இந்த மண்ணின் சந்தகையைப் பாருங்கள். புழுங்கலரிசியை ஊறவைத்து அரைத்து, வேகவைத்து, சூடு ஆறுமுன் அச்சில் பிழிவார்கள். தேங்காய்ப்பாலும் வெல்லமும் சேர்த்தோ, எலுமிச்சை பிழிந்து தாளித்தோ உண்பர். கோதுமையும் இல்லை, பாலும் இல்லை; முதியவர் பல்லுக்கும் இதமானது. உருவ ஒற்றுமையால் சேமியாவை இதற்கு மாற்றாகக் கருதிவிடக் கூடாது. கடைச் சேமியா பெரும்பாலும் கோதுமையில் ஆனது. ராகிச் சேமியாவிலும் கோதுமை மாவு கலப்பதுண்டு.

அரிசிம்பருப்பு சோற்றை நெய் ஊற்றாமல் கேட்டு வாங்கலாம். மோர் கலக்காத கம்பங்கூழ், ராகிக் களி, கொள்ளுப் பருப்பு, பச்சைப்பயறு கடைசல் எல்லாம் ஏற்றவையே. ஒப்புட்டுதான் ஏமாற்றும்: பூரணம் பருப்பும் வெல்லமும் என்றாலும், மேல்மாவு மைதா.

ஐக்கிய நாடுகள் சபை 2023ஆம் ஆண்டைச் சர்வதேசச் சிறுதானிய ஆண்டாக அறிவித்தது. இன்று சிறுதானியத் தோசை பல ஓட்டல்களில் கிடைக்கிறது. தினை, சாமை, வரகில் குளூட்டன் இல்லை. மாவு ஒட்டுவதற்காகக் கோதுமை சேர்த்திருக்கிறார்களா என்பதை மட்டும் கேட்டறிய வேண்டும்.

பலரும் ஐயுறாத பொருள் ஒன்று உண்டு: பெருங்காயம். கடையில் விற்கும் கூட்டுப் பெருங்காயத்தில் பெரும்பாலும் கோதுமை மாவோ மைதாவோ கலந்திருக்கும். சாம்பார், ரசம், ஊறுகாய் எனச் சைவ இலையில் அது சேராத இடம் அரிது. சீலியாக் உள்ளவர் இட்லியைத் தேங்காய்ச் சட்னியோடு கேட்பது மேல். அதிலும் தாளிப்பில் பெருங்காயம் உண்டா, தயிர் கலந்ததா என்று விசாரிக்க வேண்டும். ரவா தோசையும் சப்பாத்தியும் இட்ட கல்லில் வார்த்த தோசை அவர்களுக்கு உகந்ததன்று. இட்லி ஆவியில் வேகிறது. அந்தத் தொல்லை இல்லை.

காபிதான் பெரும் சோதனை! பால் ஆகாதவருக்குக் கருப்பட்டி சேர்த்த சுக்குக் காபி இருக்கிறது. மால்ட் பானங்களில் கோதுமையும் பார்லியும் இருப்பதால் சீலியாக் உள்ளவர் அவற்றை நாடலாகாது.

பிரசாதத்தை மறுப்பதுதான் பெரியவர்களுக்கு மனவேதனை. 2019இல் புவிசார் குறியீடு பெற்ற பழநிப் பஞ்சாமிர்தத்தில் வாழைப்பழம், சர்க்கரை, பேரீச்சை, கற்கண்டு, தேன், ஏலக்காய், நெய் ஆகியவை சேர்கின்றன. கோதுமையை விலக்குவோருக்கு அதில் தடையில்லை. நெய்யும் கூடாதவர் கண்ணில் ஒற்றிப் பேரப்பிள்ளைகளிடம் தரலாம். அர்ச்சனைத் தட்டில் திரும்பி வரும் தேங்காயும் வாழைப்பழமும் அவருக்குரியவை.