களிம்பேறிய சிப்பி

1986 ஜனவரி. தைவானின் தென்மேற்கில், எர்ரென் ஆறு கடலில் சேரும் இடத்துக்கு அருகே வளர்ந்த சிப்பிகளைத் திறந்தபோது, சதை பச்சையாக இருந்தது. புளி போட்டுத் தேய்க்காமல் விட்ட செம்புக் குடத்தில் களிம்பு படியுமே, ஏறக்குறைய அந்தப் பச்சை. காரணமும் செம்புதான். ஆற்றோரப் பட்டறைகளில் பழைய மின்கம்பிகளை எரித்தும், உலோகக் கழிவை அமிலத்தில் கழுவியும் செம்பைப் பிரித்தார்கள். மிச்சம் ஆற்றில் போனது. சிப்பியின் உலர்ந்த சதையில் கிலோவுக்கு 4 கிராமுக்கும் மேல் செம்பு சேர்ந்திருந்தது.

பச்சை என்றதும் பதற வேண்டியதில்லை. பிரான்சின் மாரென் பகுதியில் பச்சைச் செவுள் சிப்பிக்குத் தனி மவுசு. அங்கே நிறம் தருவது ஒரு நுண்பாசியின் நிறமி, உலோகம் அல்ல.

சிப்பி ஒட்டிய இடத்தை விட்டு நகராது. மணிக்குச் சில லிட்டர் நீரைச் செவுள்வழி இழுத்து, இரையை வடிகட்டிக்கொண்டு மீதியை வெளியே விடுகிறது. கரைந்த செம்பு செவுள் வழியாகவும், துகளில் ஒட்டிய செம்பு குடல் வழியாகவும் உள்ளே வரும். செம்பும் துத்தநாகமும் உயிருக்குத் தேவை என்பதால் அவற்றுக்கு உடலில் வாசல்கள் உண்டு. காட்மியத்துக்கு அப்படி எந்த அழைப்பும் இல்லை. கால்சியத்துக்காகத் திறக்கும் வாசலில் அதுவும் நுழைந்துவிடுகிறது.

நுழைந்ததை என்ன செய்வது? 1957இல் மார்கோஷஸ், வாலி இருவரும் குதிரையின் சிறுநீரகத்தில் காட்மியத்தைப் பிடித்துவைத்திருக்கும் ஒரு புரதத்தைக் கண்டார்கள். மெட்டலோதயோனின் என்று பெயர் பெற்ற அந்தப் புரதத்தில் கந்தகம் மிகுதி. அந்தக் கந்தகம்தான் உலோகத்தை இறுகப் பற்றி, பிற புரதங்களைக் கெடுக்காமல் தடுக்கிறது. நீர்வாழ் உயிர்களிலும் இது உண்டு. சிப்பி இதோடு நிற்பதில்லை. செம்பையும் துத்தநாகத்தையும் இரத்த அணுக்களுக்குள் சிறு மணிகளாகக் கட்டிவைக்கிறது. அதன் உறவுக்காரரான நீலக் கல்லுமட்டியோ துத்தநாகத்தை ஓரளவுக்கு மேல் தேங்கவிடுவதில்லை. ஆகவே ஒரே கழிமுகத்தில் எடுத்த இரண்டிலும் துத்தநாக அளவு வேறுவேறாக இருக்கும். உலோகம் அதிகம் இருப்பதாலேயே ஒரு பிராணி நோயுற்றது என்று சொல்லிவிட முடியாது. பாதுகாப்பாகப் பூட்டிவைத்ததாகவும் இருக்கலாம்.

இந்தச் சேமிப்புப் பழக்கத்தை நம்பித்தான் 1975இல் எட்வர்ட் கோல்ட்பர்க், கடலோர மாசை அளக்கக் கல்லுமட்டிகளையே கண்காணிக்கலாம் என்றார். ஒரு குப்பி கடல்நீர் அந்த நேரத்து நிலவரத்தை மட்டுமே சொல்லும். மட்டியின் சதையில் பல வார வரவு பதிவாகியிருக்கும்.

பாதரசத்தின் போக்கு வேறு. செம்பு பொதுவாக உணவுச் சங்கிலியில் ஏற ஏறப் பெருகுவதில்லை. சேற்று நுண்ணுயிரிகள் உருவாக்கும் மெத்தில் பாதரசம் பெருகும்: சின்ன மீனைத் தின்ற பெரிய மீனில் கூடும், அதைத் தின்ற சுறாவில் இன்னும் கூடும். நண்டின் காட்மியம் பெரும்பாலும் ஓட்டுக்குள் இருக்கும் பழுப்பு நிறச் செரிமானச் சுரப்பியில் தங்குவதால், அதை எடுத்தெறிந்தாலே பெரும்பகுதி போய்விடும். மீனின் பாதரசம் சதைப் புரதத்தோடு ஒட்டியது. அரிவாள்மனையில் அதைத் தனியே நறுக்கி எடுக்க வழியில்லை. குழம்பில் கொதித்தாலும் போகாது. செம்பைப்போல் நிறம் காட்டியும் கொடுக்காது.