ரைஃபிள் கட்டையின் விறைப்பு: கண்ணாடியிழையும் கார்பன் இழையும்

ரைஃபிளின் எஃகுக் குழலையும், தோட்டாவை ஏற்றிப் பூட்டும் ரிசீவரையும் தாங்கிக்கொண்டு, பின்முனை சுடுபவரின் தோளிலும் முன்முனை அவர் கையிலோ இருகால் தாங்கியிலோ பொருந்துமாறு அமைந்த பகுதி கட்டை எனப்படும். நெடுங்காலமாக இது வால்நட் மரத்தில் செதுக்கப்பட்டு வந்தது. மரம் ஈரத்தை உறிஞ்சி உப்பும், காய்ந்தால் சுருங்கித் திருகிக்கொள்ளும். அமெரிக்க மரைன் படை 1966இல் ஏற்றுக்கொண்ட எம்40 ரைஃபிளின் வால்நட் கட்டைகள் வியட்நாமின் ஈரப்பதத்தில் உருத்திரிந்து குழலை அழுத்தத் தொடங்கியதால், 1970களில் வந்த எம்40ஏ1 வகைக்கு மக்மில்லன் நிறுவனத்தின் கண்ணாடியிழைக் கட்டை பொருத்தப்பட்டது. ஈரத்தால் வரும் தொல்லை இவ்வாறு தீர்ந்தபின், சுமை ஏறும்போது கட்டை எவ்வளவு வளைகிறது என்னும் கேள்வியே மிஞ்சியது.

துல்லியத்தை நோக்கமாகக் கொண்ட ரைஃபிள்களில் குழல் ரிசீவரோடு மட்டும் பிணைக்கப்பட்டு, குழலின் கீழ் நீளும் முன்கட்டையைத் தொடாதவாறு சிறு இடைவெளி விடப்படுகிறது. சுடும் கணத்தில் குழல் அதிர்வதைத் தடுக்க முடியாது. அவ்வதிர்வு ஒவ்வொரு முறையும் ஒரே விதமாக நிகழ்ந்தால் போதும். இருகால் தாங்கியின்மீது சுடுபவர் உடலைச் சாய்க்கும்போதோ தோள்வாரை இறுக்கும்போதோ முன்கட்டை வளைந்து குழலைத் தொட்டுவிட்டால், அந்த ஒழுங்கு கெட்டுக் குண்டு படும் இடம் விலகுகிறது. இடைவெளியில் ஒரு தாள்துண்டைச் செருகி, ரைஃபிளைத் தாங்கியில் ஊன்றி அழுத்தியவாறே அதை முன்னும் பின்னும் இழுத்துப் பார்த்தால், தாள் சிக்கும் இடத்தில் கட்டை குழலை நெருங்கிவிட்டது என்று அறியலாம்.

விறைப்பு வேறு, வலிமை வேறு. உடையாமல் எவ்வளவு சுமை தாங்கும் என்பது வலிமை. குறிப்பிட்ட சுமைக்கு எவ்வளவு குறைவாக உருமாறும் என்பது விறைப்பு. பொருளின் விறைப்பைக் குறிக்கும் அளவு யங் குணகம் எனப்படுகிறது. பரவலாகப் பயன்படும் ஈ-வகைக் கண்ணாடியிழைக்கு இது சுமார் 72 கிகா பாஸ்கல். அலுமினியத்துக்கும் ஏறத்தாழ அதே அளவுதான். சாதாரண வகைக் கார்பன் இழைக்கோ சுமார் 230 கிகா பாஸ்கல். மூன்று மடங்குக்கு மேற்பட்ட இந்த வேறுபாட்டை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்வது விளம்பரத்துக்கு வசதியாக இருக்கலாம், ஆனால் கட்டை தனி இழையால் ஆனதன்று. இழைத்துணிகளை எபாக்சிப் பிசினில் தோய்த்து அடுக்கடுக்காக அச்சில் படியவைத்து இறுகச்செய்யும்போது, பிசினின் குணகம் வெறும் 3 கிகா பாஸ்கல் அளவே என்பதாலும், இழைகள் பல திசைகளில் பிரிந்து கிடப்பதாலும், எல்லாத் திசைக்கும் பொதுவாக அடுக்கப்பட்ட கார்பன் தகடு சுமார் 50 கிகா பாஸ்கலையும், அதே விதமான கண்ணாடியிழைத் தகடு சுமார் 20 கிகா பாஸ்கலையுமே எட்டுகின்றன.

இங்கே வடிவம் குறுக்கிடுகிறது. தட்டையான தகட்டின் வளைவு விறைப்பு தடிமனின் மும்மடிக்கு ஏற்பக் கூடுவதால், தடிமனை இரட்டித்தாலே விறைப்பு எட்டு மடங்காகிவிடும். இந்த வழி திறந்திருந்தால் கண்ணாடியிழைத் தகட்டைச் சற்றுத் தடிப்பாக்கிக் கார்பனுக்கு ஈடுகட்டலாம். ஆனால் கட்டையின் புறவடிவம் கைப்பிடிக்கும் தோளுக்கும் ஏற்ப முன்பே வரையறுக்கப்பட்டது. மூங்கிலின் இழைகள் புறத்தோலை ஒட்டிச் செறிந்திருப்பதைப்போல, கட்டையின் சுமையைத் தாங்குவதும் புற ஓடே. புற அளவு மாறாதபோது அவ்வோட்டின் விறைப்பு தடிமனுக்கு நேர்விகிதத்திலேயே ஏறும். எனவே கார்பன் ஓட்டுக்கு நிகராக வேண்டுமானால், கண்ணாடியிழை ஓடு இரண்டரை மடங்கு தடித்திருக்க வேண்டும்; கண்ணாடியின் அடர்த்தியும் கூடுதல் என்பதால் எடை மூன்று மடங்காகிறது. ஆகக் கார்பனால் கிடைக்கும் ஆதாயம் அதே விறைப்பைக் குறைந்த எடையில் பெறுவதுதான். மலையேறி வேட்டையாடுபவருக்கு இது பெரிது. மேசையில் வைத்துச் சுடும் கனத்த போட்டி ரைஃபிளுக்கோ எடையே பின்னுதைப்பைத் தணிக்கும் நன்மை என்பதால், தடித்த கண்ணாடியிழை ஓட்டில் குறையொன்றும் இல்லை. உள்நிரப்பி, திருகுகளைத் தாங்கும் உலோகத் தூண்கள், தோள்பட்டை ரப்பர், வண்ணப்பூச்சு ஆகியவற்றின் எடை இரண்டுக்கும் பொது என்பதால், முழுக் கட்டையை நிறுத்துப் பார்த்தால் வேறுபாடு மேற்கண்ட கணக்கைவிட வெகுவாகச் சுருங்கிவிடும்.

முறுக்கத்தைப் பொறுத்தவரை நிலைமை இன்னும் நுட்பமானது. குழல் கிடக்க மேற்புறம் திறந்திருக்கும் முன்கட்டையின் குறுக்குவெட்டு கால்வாய் போன்றது. அத்தகைய திறந்த வடிவம் மூடிய குழாயைவிடப் பன்மடங்கு எளிதில் முறுகும். நீளவாக்கில் கிடக்கும் இழைகள் வளைவைத் தடுக்குமேயன்றி முறுக்கத்தைத் தடுப்பதில்லை. அதற்கு 45 பாகை சாய்வில் இருபுறமும் குறுக்கிட்டோடும் அடுக்குகள் வேண்டும். கால்வாயின் அடியில் உட்கூட்டை மூடி, உள்ளே அடர்ந்த நிரப்பியை இறுக்கிச் செய்த கண்ணாடியிழை முன்கட்டை, மெல்லிய ஓடும் இலேசான நுரையும் மட்டுமுள்ள கார்பன் முன்கட்டையைவிடக் குறைவாக முறுகுவதில் வியப்பில்லை. அழகுக்காக மேலே ஓரடுக்குக் கார்பன் துணியும் அடியில் முழுக்கக் கண்ணாடியிழையும் கொண்ட கட்டை, கறுத்த நெசவு கண்ணுக்குத் தெரிந்தாலும், விறைப்பில் பெரும்பாலும் கண்ணாடியிழைக் கட்டையே.

அடிபடுவதில் கண்ணாடியிழையின் கை ஓங்குகிறது: அது அறுபடுமுன் 4 விழுக்காட்டுக்கும் மேல் நீளும், சாதாரணக் கார்பன் இழையோ 2 விழுக்காட்டை எட்டுமுன்னே முறியும். பாறையில் மோதிய கார்பன் ஓட்டில் அடுக்குகள் உள்ளே பிரிந்திருந்தும் வெளியே கீறல் தெரியாமல் இருக்கலாம். மேலும், கார்பன் மின்கடத்தி. ஈரம் இருக்கும் இடத்தில் அலுமினியத்தை நேரடியாகத் தொட்டால் அலுமினியம் அரிக்கப்படுகிறது. விமானக் கட்டுமானத்தில் இதைத் தவிர்க்க இரண்டுக்கும் இடையே கண்ணாடியிழைத் துணி ஓரடுக்கு வைக்கிறார்கள். ரிசீவருக்கு அடியில் அலுமினியப் பாளம் பதித்த கார்பன் கட்டைக்கும் அதே முறை பொருந்தும்.