குனியாமல் பார்க்கக் கற்பது

தெரிந்தும் வளைகிறது முதுகு

எப்படி உட்கார்ந்து வேலை செய்ய வேண்டும் என்று பல் மருத்துவ மாணவரைக் கேட்டால் பிசகாமல் சொல்வார்: முதுகு நிமிர்ந்து, பாதம் தரையில் பதிந்து, முழங்கை விலாவை ஒட்டி. அவரே மேல் கடைவாய்ப்பல்லைக் குடையும்போது கழுத்து ஒருபுறம் சாய்ந்திருக்கும், இடுப்பு முறுகியிருக்கும். விழிப்புணர்வு போதவில்லை என்று கருத்தரங்கு நடத்துவதும் சுவரொட்டி ஒட்டுவதும் கல்லூரிகளின் வழக்கம். ஆனால் குறை அறிவில் இல்லை, கைப்பழக்கத்தில் இருக்கிறது. இளம் உடம்பு தாங்கும் என்பாரும் உண்டு. ஆனால் அமெரிக்கப் பல் மருத்துவச் சங்க இதழில் 2005இல் வெளியான ஆய்வில், மாணவர்களில் 46 முதல் 71 சதவீதம் பேர் உடல்வலி இருப்பதாகச் சொன்னார்கள். படிப்பில் ஆண்டு ஏற ஏற அந்த விகிதமும் ஏறியது. தொழிலுக்கு வந்தவர்களிடம் அது 64 முதல் 93 சதவீதம் என்கிறது 2009இல் வந்த ஆய்வுத் தொகுப்பு. சுமார் ஐந்து கிலோ எடையுள்ள தலையை முன்னால் சாய்த்து அசையாமல் வைத்திருந்தால், இறுகிய தசைக்குள் ரத்த ஓட்டம் குறைகிறது. இளமை இந்த வலியைத் தள்ளிப்போடலாம், தடுக்காது.

வாய்க்கண்ணாடியில் இருக்கிறது வேர்

மேல்தாடைப் பற்கள் பலவற்றை நிமிர்ந்து உட்கார்ந்தபடி நேராகப் பார்க்க முடியாது. வாய்க்கண்ணாடியில் பிம்பத்தைப் பார்த்தே கருவியை நகர்த்த வேண்டும். பிம்பத்தில் திசை மாறித் தெரிவதால் ஆரம்பத்தில் கை தடுமாறும். இந்தத் தடுமாற்றத்தைக் கடக்காத மாணவர் கண்ணாடியை ஒதுக்கிவிட்டுக் குனிகிறார். பயிற்சிக் கூடத்துப் பொம்மைத் தலையை எந்தக் கோணத்திலும் திருப்பலாம், அதற்குக் கழுத்து வலிக்காது. உயிருள்ள நோயாளியிடமோ, “கொஞ்சம் இந்தப் பக்கம் திரும்புங்கம்மா” என்று சொல்லவே மாணவருக்குக் கூச்சம். நாற்காலியை நன்றாகச் சாய்க்கவும் தயக்கம். வெட்டிய குழியின் ஆழத்துக்கும் சுவருக்கும் மதிப்பெண் உண்டு, உட்கார்ந்த விதத்துக்கு இல்லை என்றால் எது நிலைக்கும்? பொம்மைத் தலையில் பழகும் நாளிலேயே கண்ணாடி வழியாக வேலை செய்வதற்கும் உட்காரும் நிலைக்கும் மதிப்பெண் வைத்தால்தான் பழக்கம் கையில் ஏறும்.

நேரமும் கருவியும்

முடிக்க வேண்டிய கேஸ்களின் எண்ணிக்கை துரத்தும்போது இதற்கெல்லாம் நேரம் ஏது என்ற கேள்வி நியாயமானதே. ஆனால் நாற்காலியின் உயரத்தைச் சரிசெய்யச் சில நொடிகள் போதும்; கண்ணாடிப் பழக்கம் தொடக்கத்தில் மட்டுமே நேரம் கேட்கும். மாலை நேர உடற்பயிற்சி நல்லதுதான், ஆனால் பகலெல்லாம் வளைந்த கழுத்துக்கு அது ஈடாகாது. கண்ணில் அணியும் உருப்பெருக்கியான லூப்ஸ் வாங்கினால் பிரச்சினை தீரும் என்ற நம்பிக்கையிலும் பாதிதான் உண்மை. அணிபவரின் வேலைத் தூரத்துக்கும் பார்வைச் சாய்வுக்கும் அளவெடுத்துப் பொருத்தினால் அது கழுத்தை நிமிர்த்தும். சாய்வு போதாத லூப்ஸோ, தலையை இன்னும் கீழே இழுக்கும்.