காலிக்கு வருபவரை ஓர் இரவாவது தங்க வைப்போம்

காலிக் கோட்டைக்குப் பகலில் போனால் வெள்ளைக்காரர், சீனர், இந்தியர், அரபிகள் எனப் பல தேசத்தவரையும் ஒரே தெருவில் காணலாம். மதில் மேல் நடக்கிறார்கள், வெளிச்சவீட்டின் முன் நின்று படமெடுக்கிறார்கள், ஓர் இளநீர் குடிக்கிறார்கள். பிறகு வேனில் ஏறிப் போய்விடுகிறார்கள். அவர்களின் பெரிய செலவு கொழும்பிலோ வேறு கடற்கரையிலோ நடக்கிறது. காலியில் விழுவது சில்லறைதான். வியாபாரிகளாகிய நாம் யோசிக்க வேண்டிய விடயம் இது.

காலி இப்படி ஆளைத் தவறவிடுவது இது முதல் தடவையல்ல. ஒரு காலத்தில் இலங்கையின் பிரதான கப்பற்றுறை காலிதான். ஐரோப்பாவிலிருந்து கிழக்கே போன நீராவிக் கப்பல்கள் இங்கே தரித்தன. இறங்கிய பயணிகளுக்கு எமது முன்னோர் இரத்தினக்கல் விற்றார்கள். இன்றும் பெயர் சொல்லும் மாக்கான் மாக்கார் நகை வியாபாரம் 1860ஆம் ஆண்டு காலியில் ஆரம்பித்ததுதான். 1875இல் கொழும்பில் அலைதடுப்புச் சுவர் கட்டத் தொடங்கி, 1885இல் முடித்தார்கள். கப்பல்கள் கொழும்புக்குத் திரும்பின. வியாபாரமும் பின்னாலேயே போனது. அதைத் தடுக்க அன்று எம்மவர் கையில் எதுவும் இருக்கவில்லை. இன்றைய நிலைமை அப்படியல்ல.

முதலில் எம்மிடம் உள்ள சரக்கு என்னவென்று பார்ப்போம்.

போர்த்துக்கேயர் 1588இல் தொடங்கிய சிறு அரணை, 1640இல் காலியைக் கைப்பற்றிய ஒல்லாந்தர் பெருங்கோட்டையாகக் கட்டினார்கள். 1796இல் அது ஆங்கிலேயர் வசமானது. 1988இல் யுனெஸ்கோ இதனை உலக மரபுரிமையாக அறிவித்தது. பழைய வாசலின் உட்புறத்தில் 1669 என்ற ஆண்டுடன் ஒல்லாந்தக் கம்பனியின் சின்னம் இருக்கிறது. 1755இல் கட்டிய ஒல்லாந்தர் தேவாலயம், பண்டகசாலையில் அமைந்த கடல்சார் தொல்பொருள் நூதனசாலை, இப்போது கடைத்தொகுதியாக உள்ள ஒல்லாந்தர் வைத்தியசாலை எல்லாம் நடந்தே பார்க்கக் கூடியவை. கடல்நீர் ஏறி இறங்கித் துப்புரவாக்கும்படி அன்று நிலத்தடியில் கட்டிய வடிகால்கள் இன்றும் பேசப்படுகின்றன. 2004 டிசம்பர் 26இல் சுனாமி வந்தபோது வெளியே பஸ் நிலையமும் கிரிக்கெட் மைதானமும் அழிந்தன. உள்ளே இருந்தவர்களைப் பெருமளவு காத்தது அந்த மதில்தான். மைதானம் 2007 டிசம்பரில் மீண்டும் டெஸ்ட் ஆட்டம் கண்டது. முரளிதரன் 2010 ஜூலையில் தனது 800ஆவது விக்கெட்டை வீழ்த்தியதும் அங்கேதான்.

வெளிச்சவீட்டின் எதிரே மீரான் பள்ளிவாசல். இப்போதைய கட்டடம் 1904ஆம் ஆண்டுக்குரியது. தூரத்திலிருந்து பார்ப்பவர் தேவாலயம் என்றே நினைப்பார். அவ்வளவு ஐரோப்பிய அமைப்பு. அருகே நூறு வருடங்களைத் தாண்டிய பஹ்ஜதுல் இப்ராஹீமிய்யா அரபுக் கல்லூரி.

இவற்றைவிடப் பழைய கதையும் எங்களிடம் உண்டு. 1344இல் இப்னு பதூதா தெவிநுவரையிலிருந்து காலிக்கு வந்தார். இப்ராஹீம் என்ற முஸ்லிம் கப்பல் தலைவர் தனது இடத்தில் அவருக்கு விருந்தளித்ததாக எழுதியிருக்கிறார். சீனத் தளபதி செங் ஹீ கொண்டுவந்த 1409ஆம் ஆண்டின் கல்வெட்டு 1911இல் காலியில் கண்டெடுக்கப்பட்டது. சீனம், தமிழ், பாரசீகம் என மூன்று மொழிகள். பாரசீகப் பகுதியில் அல்லாஹ்வின் பெயரால் காணிக்கை சொல்லப்பட்டிருக்கிறது. கல் கொழும்பு நூதனசாலையில் இருக்கிறது. கதை காலிக்குரியது. ஆனால் காலிக்கு வரும் சீனரிடமோ அரபியிடமோ இதை எடுத்துச் சொல்கிற கடைக்காரர் எத்தனை பேர்?

கோட்டைக்கு வெளியேயும் குறைவில்லை. உனவட்டுன கடற்கரை, ருமஸ்ஸல குன்று, கொக்கலயில் கம்பில் அமர்ந்து மீன்பிடிப்போரும் மார்ட்டின் விக்கிரமசிங்க நாட்டார் நூதனசாலையும், வெலிகமவில் அலைச்சறுக்கல், மிரிஸ்ஸவில் திமிங்கிலம் பார்க்கும் படகுகள். மறுபக்கம் ஹிக்கடுவ பவளப்பாறைகள், மீட்டியாகொடயில் சந்திரகாந்தக்கல் சுரங்கம், பலப்பிட்டியில் மாது கங்கைப் படகுச் சவாரி. காலியில் அறை எடுத்தால் இவை எல்லாவற்றையும் காலையில் போய் மாலையில் திரும்பலாம். ஒரு நாளில் முடியாது. மூன்று நாள் வேண்டும். இதுதான் நாம் விற்க வேண்டிய கணக்கு.

இடைஞ்சல் எங்கே? 2011 நவம்பரில் அதிவேக நெடுஞ்சாலை காலிவரை திறந்தது. மூன்று மணித்தியாலத்துக்கு மேல் இழுத்த பயணம் பாதியளவாகக் குறைந்தது. வருவது இலகுவானது போலவே, திரும்பிப் போவதும் இலகுவாகிவிட்டது. பாதையைக் குறை சொல்லிப் பயனில்லை. தங்குவதற்கு ஒரு காரணத்தை நாம் கொடுக்க வேண்டும்.

இரண்டாவது இடைஞ்சல் நாமே உண்டாக்கியது. கொமிஷன். வழிகாட்டியும் முச்சக்கர வண்டிக்காரரும் ஆளைக் கொண்டுவந்து விட்டால் விற்பனையில் பங்கு. அந்தப் பங்கைக் கடைக்காரர் தன் கையிலிருந்தா கொடுக்கிறார்? விலையில் ஏற்றுகிறார். வாங்கியவர் ஊருக்குப் போய்க் கல்லைச் சோதித்துப் பார்க்கிறார். இயற்கைக் கல் என்று வாங்கியது செயற்கைக் கல், அல்லது சூடாக்கி நிறம் கூட்டியதைச் சொல்லாமல் விற்றது என்று தெரிந்தால், அவர் ஒரு கடையைத் திட்டுவதில்லை. காலியையே திட்டுகிறார். ஒருவருடைய இலாபத்துக்கு முழுத் தெருவும் நஷ்டம் கட்டுகிறது. பொருளின் குறையை மறைத்து விற்பது மார்க்கத்தில் எங்கே நிற்கிறது என்பதை எமது வாசகர்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை.

மூன்றாவது விடயம் கொஞ்சம் கசக்கும். 2000ஆம் ஆண்டுகளின் ஆரம்பத்தில் கோட்டையின் பழைய வீடுகள் பல வெளிநாட்டவர் கைக்குப் போயின. நல்ல விலை வந்தது, விற்றார்கள். அவர்களைக் குறை கூறுவதற்கில்லை. 2014ஆம் ஆண்டின் 38ஆம் இலக்கச் சட்டம் வெளிநாட்டவருக்குக் காணி கைமாறுவதைக் கட்டுப்படுத்தியது. என்றாலும் நீண்டகாலக் குத்தகை என்ற வழி இருக்கிறது. சுற்றுலாப் பயணி வெறும் சுவரைப் பார்க்க வருவதில்லை. பாங்கு கேட்கும், பிள்ளைகள் மத்ரஸாவுக்குப் போகும், மாலையில் குடும்பங்கள் மதிலில் காற்று வாங்கும் ஓர் ஊரைப் பார்க்க வருகிறார். அந்தக் குடும்பங்கள் போய்விட்டால் மிஞ்சுவது ஹோட்டல்கள் மாத்திரமே.

ஆகவே வியாபார சகோதரர்களுக்குச் சில யோசனைகள்.

வீட்டை விற்பதற்கு முன் இரண்டு அறைகளைத் துப்புரவாக்கி, சுற்றுலா அபிவிருத்தி அதிகார சபையில் பதிந்து, வாடகைக்கு விட்டுப் பாருங்கள். விற்ற காசு ஒரு தடவைதான் வரும்.

எல்லாப் பொருளிலும் விலை எழுதி ஒட்டுங்கள். கல் விற்றால் அதன் உண்மை நிலையை எழுதிய பற்றுச்சீட்டைக் கொடுங்கள். தேசிய இரத்தினக்கல் மற்றும் ஆபரண அதிகார சபையில் சோதித்துத் தருவதாக வாங்குபவரிடம் நீங்களே முந்திச் சொல்லுங்கள். அப்படிச் சொல்கிற கடைக்குக் கொமிஷன் இல்லாமலே ஆள் வரும். ஆமையோட்டுப் பொருட்கள் சட்டவிரோதம். அவற்றைக் கடையில் வைக்கவே வேண்டாம். பீரளு றேந்தை பின்னும் பெண்களின் வேலைக்கு இடம் கொடுங்கள்.

ஹலால் சாப்பாட்டை நம்பிச் சாப்பிடக் கூடிய ஊர் இது. மாலைதீவு, மலேசியா, வளைகுடா நாட்டவருக்கு அது பெரிய விடயம். எங்கள் வீட்டு இடியப்பமும் வட்டிலப்பமும் ஹோட்டல் மேசையில் கிடைக்காத சுவை. சுத்தமான கழிவறையும் தொழ ஓர் இடமும் இருந்தால் அந்தக் குடும்பம் நாளையும் வரும்.

தெற்குக் கரையின் காலம் நவம்பர் முதல் ஏப்ரல் வரை. மே முதல் செப்டெம்பர் வரை கடல் கொந்தளிக்கும், அப்போது ஆட்கள் அறுகம்பைக்கும் பாசிக்குடாவுக்கும் போவார்கள். காலி வியாபாரியும் கிழக்கு வியாபாரியும் ஆளுக்கு ஆள் வாடிக்கையாளரை அனுப்பிக் கொண்டால் இருவருக்கும் வருடம் முழுக்க வியாபாரம்.

2019 ஏப்ரல் தாக்குதல், பின்னர் கொரோனா, 2022இல் எரிபொருள் வரிசை என்று வரிசையாக அடிபட்ட தொழில் இது. 2024இல் நாட்டுக்கு 20 இலட்சத்துக்கும் அதிகமானோர் வந்தார்கள், அல்ஹம்துலில்லாஹ். ஆட்கள் வருகிறார்கள். கப்பல் போன பிறகு கரையில் நின்று கவலைப்பட்ட பரம்பரை நாங்கள். இந்தத் தடவை வந்தவரை நல்ல முகத்தோடும் நேர்மையான விலையோடும் தங்க வைப்போம். அன்று இப்ராஹீம் செய்ததும் அதுதான். ஒரு விருந்து கொடுத்தார், அறுநூறு வருடங்களுக்கு மேலாகியும் அவர் பெயர் நிற்கிறது.