புரோசசர் சூடாகிறதா? செலவுக்கு முன் காரணம் தேடுங்கள்

பிள்ளை பாடவேலை செய்துகொண்டிருக்கும்போது கணினி திடீரென்று அணைந்துபோகிறது. மறுபடி முடுக்கினால் வருகிறது. கால் மணி நேரத்தில் மீண்டும் அணைகிறது. சேமிக்காத வேலை எல்லாம் போய்விடுகிறது. 'புரோசசர் கெட்டுவிட்டது' என்று முடிவுகட்டி, நூற்றுக்கணக்கான வெள்ளியைச் செலவழித்துப் புதிது வாங்குகிறவர்கள் உண்டு. உண்மையில், அளவுமீறிச் சூடாகும்போது தன்னைக் காத்துக்கொள்ளவே புரோசசர் முதலில் வேகத்தைக் குறைக்கிறது. அதற்கும் அடங்காவிட்டால் கணினி அணைந்துவிடுகிறது. பழுது பெரும்பாலும் வேறு எங்கோதான் இருக்கும்.

சூடு இரண்டு வகை

புரோசசர் உண்ணும் மின்சாரம் முழுவதும் வெப்பமாகவே வெளியேறுகிறது. அந்த வெப்பம் முதலில் தெர்மல் பேஸ்ட் என்னும் பசை வழியாக அலுமினிய அல்லது செம்புத் தகடுகளுக்குப் போகிறது. காற்றாடி அதைத் தள்ளிவிட, கேசிங்கின் துளைகள் வழியாக அறைக்கு வருகிறது. ஆகவே, கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: வெப்பம் அதிகமாக உண்டாகிறதா, அல்லது உண்டான வெப்பம் வெளியேற வழியில்லையா?

முதல் வகைக்குப் பெயர்பெற்ற உதாரணம் பெந்தியம் 4. 2004-இல் வந்த 'பிரஸ்காட்' வகைகளில் வேகமானவை 115 வாட் வரை வெப்பம் தந்தன. அதே ஆண்டு அக்டோபரில் 4 கிகாஹெர்ட்ஸ் பெந்தியம் 4 திட்டத்தையே இன்டெல் கைவிட்டது. 2006-இல் வந்த கோர் 2 டுவோ மேசைக் கணினிகளில் பெரும்பாலானவை 65 வாட்டில் கூடுதல் வேலை செய்தன.

பண்டமாரான் காற்று

நம் வீடுகளில் அதிகம் தென்படுவது இரண்டாவது வகை. காற்றாடி எவ்வளவு சுழன்றாலும் புரோசசரை அறையின் வெப்பத்துக்குக் கீழே குளிர்விக்க முடியாது. குளிர்சாதன அறையில் 22 பாகை என்றால், பண்டமாரானில் மதிய வேளையில் ஒரு வரிசை வீட்டின் அறையில் 32 பாகை இருக்கும். அந்தப் பத்துப் பாகை அப்படியே புரோசசரின் கணக்கில் ஏறும்.

தூசு இன்னொரு காரணம். பக்கத்திலேயே கிள்ளான் துறைமுகம், ஓயாத லோரிப் போக்குவரத்து. 2005 ஆகஸ்டில் காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீடு 500-ஐத் தாண்டி, கிள்ளான் துறைமுகத்திலும் கோலசிலாங்கூரிலும் அவசரநிலை அறிவிக்கப்பட்டதை வட்டார மக்கள் மறந்திருக்க மாட்டார்கள். நாம் சுவாசிக்கும் காற்றைத்தான் கணினியும் உள்ளிழுக்கிறது. அதோடு சாம்பிராணிப் புகை, கொசுவர்த்திப் புகை, தாளிப்பின் எண்ணெய்ப் புகை எல்லாம் சேர்ந்து தகடுகளுக்கிடையே பிசுபிசுப்பான கம்பளம்போல் படிந்துவிடும்.

கண்டுபிடிக்கும் வழி

முதலில் அளக்க வேண்டும். 'கோர் டெம்ப்' போன்ற இலவச மென்பொருள் வெப்பத்தைக் காட்டும். சும்மா இருக்கும்போது 35 முதல் 50 பாகை, கடும் வேலையில் 70 முதல் 85 பாகை என்பது பொதுவாக அஞ்சத்தக்கதன்று. எண்ணை மட்டும் பார்த்துப் பயப்படவும் வேண்டாம். 2022-இல் வந்த ரைசன் 7000 வகையில் சில, கடும் வேலையில் 95 பாகை வரை போகும்படியே வடிவமைக்கப்பட்டவை.

அடுத்து, டாஸ்க் மேனேஜரைத் திறக்க வேண்டும். எந்த வேலையும் செய்யாதபோது புரோசசர் பயன்பாடு சில விழுக்காடுதான் இருக்க வேண்டும். நெடுநேரம் 60, 80 என்று நின்றால், பின்னணியில் ஏதோ ஓடுகிறது. அது வைரஸ் தடுப்புச் சோதனையாக இருக்கலாம். திருட்டுத்தனமாக மின்நாணயம் ஈட்டும் தீய மென்பொருளாகவும் இருக்கலாம்.

பயன்பாடு குறைவாக இருந்தும் சூடு என்றால், வெப்பம் ஏறும் வேகத்தைக் கவனிக்க வேண்டும். வேலை கொடுத்த சில விநாடிகளில் 90-ஐத் தொட்டால், பசை காய்ந்திருக்கலாம் அல்லது தகடு சரியாக ஒட்டாமல் தளர்ந்திருக்கலாம். பத்துப் பதினைந்து நிமிடங்களில் மெல்ல மெல்ல ஏறினால் தூசையோ காற்றோட்டக் குறைவையோ சந்தேகிக்க வேண்டும். கேசிங்கின் பக்க மூடியைக் கழற்றி, மேசைக் காற்றாடியை அதன் பக்கம் திருப்பிப் பார்த்தால் இது உறுதியாகும். வெப்பம் சட்டென்று இறங்கினால் காற்றோட்டம்தான் குறை.

சுத்தம் செய்யும்போது

மின்கம்பியைப் பிடுங்கிய பிறகே கை வைக்க வேண்டும். காற்றாடியின் இறக்கையை விரலால் பிடித்துக்கொண்டு, அழுத்தக் காற்றால் தூசை ஊத வேண்டும். பிடிக்காமல் ஊதினால் அது தறிகெட்டுச் சுழன்று பழுதாகலாம். வீட்டு வெக்கம் கிளீனர் வேண்டாம். அது உண்டாக்கும் நிலைமின்சாரம் சிப்புகளுக்கு ஆபத்து. தகட்டைக் கழற்றினால் பழைய பசையைத் துடைத்துவிட்டுப் புதிதாக ஒரு பட்டாணியளவு வைத்தால் போதும். மடிக்கணினியைத் திறந்து பழக்கமில்லாதவர்கள் கடைக்காரரிடம் விடுவதே நல்லது.

கணினியைச் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி, தரையிலிருந்து சற்று உயர்த்தி, சாமி மேடைக்கும் அடுப்படிக்கும் தொலைவாக வைக்கலாம். ஆறு மாதத்துக்கு ஒருமுறை தூசு தட்டலாம். ஒரு குழாய் பசையின் விலை சில வெள்ளிதான். அதை வாங்கிப் பார்க்குமுன் புதிய புரோசசருக்குப் பணம் கட்டுவது வீண்.