வீட்டரங்கில் ஒலிபெருக்கிகள்

திரையரங்குக்குச் சென்று படம் பார்த்தது போய், திரையரங்கையே வீட்டுக்குள் அமைத்துக்கொள்ளும் காலம் வந்துவிட்டது. எங்கள் புவனகிரியிலும் ‘ஹோம் தியேட்டர்’ இல்லாத தெரு அரிது. ஆயினும் அதை வாங்கும் முறையையும் வைக்கும் முறையையும் அறிந்தோர் சிலரே. இயற்பியல் மாணவன் என்ற முறையில் நான் அறிந்தவற்றை இங்கே கூறுகிறேன்.

எங்கள் வீட்டில் பாட்டனாருக்குக் காது சற்று மந்தம். வசனம் அவருக்குக் கேட்க வேண்டுமானால் ஒலியைக் கூட்ட வேண்டும். கூட்டினாலோ சண்டைக் காட்சியில் அடுத்த வீட்டுக் குழந்தை விழித்து அழும். இதற்குத் தீர்வு பெரிய பெட்டி அன்று. சரியான பெட்டி, சரியான இடம்.

தேர்ந்தெடுத்தல்

‘5.1’ என்பதில் ஐந்து ஒலிபெருக்கிகளும் ஒரு சப்-ஊஃபரும் அடங்கும். வசனத்தின் பெரும்பகுதி நடு ஒலிபெருக்கியில் வருகிறது. ஆகவே பணம் குறைவாயின் மற்றவற்றில் சிக்கனம் செய்யலாம். நடு ஒலிபெருக்கியில் கூடாது.

அட்டைப் பெட்டியில் ஆயிரக்கணக்கில் அச்சிடப்படும் ‘பி.எம்.பி.ஓ.’ வாட்டைக் கண்டு மயங்க வேண்டாம். அது நொடிப்பொழுது உச்சக் கணக்கு. ‘ஆர்.எம்.எஸ்.’ வாட்டையே பார்க்க வேண்டும். உணர்திறன் 3 டெசிபெல் மிகுந்த ஒலிபெருக்கி, பாதித் திறனிலேயே அதே ஒலியைத் தரும். 8 ஓமுக்கென அமைந்த ஆம்ப்ளிஃபையரில் 4 ஓம் ஒலிபெருக்கியை இணைத்தால் மின்னோட்டம் மிகுந்து அது சூடாகும்.

வைத்தல்

12 அடி நீளமும் 10 அடி அகலமும் உள்ள கூடத்தை எடுத்துக்கொள்வோம். 10 அடிச் சுவரையொட்டித் தொலைக்காட்சி. இட, வல ஒலிபெருக்கிகளுக்கு இடையே 8 அடி. அவை ஒவ்வொன்றிலிருந்தும் நம் இருக்கைக்கும் 8 அடி. இந்தச் சமபக்க முக்கோணமே அடிப்படை. நடு ஒலிபெருக்கி திரையின் கீழே, நம் காதை நோக்கிச் சாய்ந்திருக்கட்டும். பின்னிரண்டும் பக்கவாட்டில் சற்றே பின்தள்ளி, காதுக்கு மேலாக அமைதல் நன்று.

சப்-ஊஃபரின் சங்கதி வேறு. 80 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் நான்கு மீட்டருக்கும் மேல். இரு காதுகளுக்கும் இடையிலோ ஒரு சாண் தூரமே. எனவே அது வரும் திசை நமக்குப் புலப்படாது, எங்கும் வைக்கலாம். ஆனால் மூலையில் வைத்தால் முழக்கம் மிகும். பொதுச்சுவரில் ஒட்டினால் அண்டை வீட்டுக்கும் போகும். 12 அடி நீளக் கூடத்தில் சுமார் 48 ஹெர்ட்ஸில் நிலை அலை உண்டாகிறது. அதனால் அந்த ஒலி சுவரோரம் மிகுந்தும் நடுவில் மெலிந்தும் கேட்கும். நல்ல இடம் காண எளிய வழி ஒன்றுண்டு. சப்-ஊஃபரை இருக்கையில் வைத்துப் பாட்டை ஒலிக்கச் செய்து, கூடத்தைத் தரையோரமாகச் சுற்றி வாருங்கள். எங்கே தெளிவாகக் கேட்கிறதோ, அங்கே அதை வையுங்கள்.

வெற்றுச் சிமெண்டுச் சுவர்கள் ஒலியைத் திருப்பி எறிந்து வசனத்தைக் குழப்பும். கனத்த திரைச்சீலையும் தரையில் ஜமுக்காளமும் இதைத் தணிக்கும்.

எங்கள் வீட்டில் இவ்வாறு அமைத்து, நடு ஒலிபெருக்கியை மட்டும் 3 டெசிபெல் கூட்டினேன். மொத்த ஒலியைக் குறைத்தும் பாட்டனாருக்கு வசனம் புரிகிறது. பெட்டியை நகர்த்திப் பார்க்கச் செலவேதும் இல்லை. புதிதாக வாங்கும் முன், நண்பர்களே, உள்ளதை ஒருமுறை இடம் மாற்றிக் கேட்டுப் பாருங்கள்.