மலையகத்துக் கூலி - 7: பேர் விழாத நாள்

காலிமுகத்திடலில் 2018 அக்டோபரில் கறுப்பு உடையில் திரண்ட மலையக இளைஞர்களைச் சென்ற வாரம் பார்த்தோம். அவர்கள் கேட்ட ஆயிரம் ரூபாய் நாட்சம்பளம் 2021 மார்ச்சில் கிடைத்தது. அடிப்படை 900, கொடுப்பனவு 100 என்று சம்பள நிர்ணய சபையின் முடிவு வர்த்தமானியில் வந்தது. அதுவரை அடிப்படைச் சம்பளம் 700 ரூபாய்தான். லயங்களில் பட்டாசு வெடிக்க வேண்டிய செய்தி அது. ஆனால் பல வீடுகளில் மாத வருமானம் கூடவில்லை, குறைந்தது. ஏன் என்று தெரிய, கொழுந்து நிறுக்கிற இடத்துக்குப் போக வேண்டும்.

நோர்வூட் பக்கம் ஒரு தோட்டம். மாலை நிறுவை. ஒரு அக்கா சாக்கைத் தராசில் மாட்டுகிறார். முள் 19இல் நிற்கிறது. சாக்கின் எடைக்கும் இலையின் ஈரத்துக்கும் என்று 2 கிலோவைக் கழித்து 17 என எழுதுகிறார் கணக்கப்பிள்ளை. முன்பு 18 கிலோ எடுத்தால் முழுப்பேர். சம்பளம் கூடியதும் இந்தத் தோட்டத்தில் அதை 20 ஆக்கிவிட்டார்கள். "விடிஞ்சதிலிருந்து மலையிலதான் தம்பி நின்னேன். அட்டை கடிச்ச காலைப் பாருங்க. அரைப்பேர் போட்டுட்டாங்க" என்றார். பேர் என்றால் செக்ரோல் என்ற வருகைப் பதிவேட்டில் விழும் ஒரு நாள் கணக்கு. அரைப்பேருக்கு அரைச் சம்பளம்.

அரைப்பேராவது விழுந்தது. பேரே விழாத நாள்தான் குடும்பத்தைச் சாய்க்கிறது. தொழிற்சங்கங்களும் தோட்டக் கம்பெனிகளும் செய்திருந்த பழைய கூட்டு ஒப்பந்தத்தில் மாதம் 25 நாள் வேலை தரவேண்டும் என்ற கடப்பாடு இருந்தது. 2021இல் ஒப்பந்தம் முறிந்தபோது அதுவும் போயிற்று. வர்த்தமானி ஒரு நாளின் விலையைச் சொன்னது. எத்தனை நாள் என்று சொல்லவில்லை. மாதத்தில் 13 நாள் மட்டும் வேலை தந்த தோட்டங்கள் உண்டு. கணக்கைப் போட்டுப் பாருங்கள். 700 ரூபாய் வீதம் 25 நாளுக்கு 17,500. ஆயிரம் வீதம் 13 நாளுக்கு 13,000.

தேயிலையின் விலையை ஏலம் தீர்மானிக்கும்போது கூலியை மட்டும் அரசு எப்படித் தீர்மானிக்கலாம் என்று கம்பெனிகள் கேட்டன. கேள்வியில் கொஞ்சம் நியாயம் உண்டு. ஆனால் சந்தையின் நட்டத்தை ஏன் கொழுந்து பறிப்பவர் மட்டும் சுமக்க வேண்டும்?

வேலை தராத மீதி நாட்களுக்கு யார் சோறு போடுவது? வேலை இழந்தவருக்கான உதவித்தொகை இலங்கையில் இல்லை. ஊழியர் சேமலாப நிதி ஓய்வுக்காலப் பணம். 2023இல் வந்த அஸ்வெசும வறுமைக்கான உதவி. வேலை நின்ற வாரத்தை அது பார்க்காது. ஆகவே பெண்கள் மரக்கறித் தோட்டத்துக்குப் போகிறார்கள். பிள்ளைகள் கொழும்புக் கடைகளுக்கு. தோடு அடகுக்கு.

2022 செப்டம்பரில் கொழும்பில் உணவுப் பொருட்களின் விலை ஓராண்டுக்குள் ஏறக்குறைய 95 சதவீதம் ஏறியிருந்தது. சட்டப்படியான நாட்சம்பளமோ 2024 செப்டம்பர் வரை அதே ஆயிரம்தான். அரிசியும் மாவும் வாங்கியபின் பாலுக்கும் முட்டைக்கும் எது மிஞ்சும்? தோட்டப் பிள்ளைகள் அந்த நெருக்கடிக்குள் வெறும் வயிற்றோடு நுழைந்தவர்கள். ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் வளர்ச்சி குன்றியவர்கள் நாடளவில் 17 சதவீதம், தோட்டப்புறத்தில் 32 சதவீதம் என்று 2016ஆம் ஆண்டு ஆய்வே சொல்லியிருந்தது.

2024இல் அடிப்படைச் சம்பளம் 1,350 ஆனது. அதை 1,550 ஆக்கி, அரசு 200 ரூபாய் வருகைக் கொடுப்பனவும் தரும் என்று 2025 நவம்பர் வரவுசெலவுத் திட்டத்தில் அறிவித்தார்கள். மனதார வரவேற்கிறேன். ஆனால் வேலை கொடுக்காத நாளுக்கு வருகைப் பணம் ஏது?

தொழிற்சங்கத் தலைவர்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த முறை சம்பள நிர்ணய சபையில் உட்காரும்போது தொகையோடு எழுந்து வந்துவிடாதீர்கள். 25 நாள் வேலை, அது தரமுடியாத நாளுக்கு அரைச் சம்பளமாவது என்று எழுத்தில் வாங்கி வாருங்கள்.